கடற்கரைப் படத்தின் பின் அட்டை

ஒரு தேதி கேட்கத்தான் வந்தேன், சாமி. அதிக நேரம் எடுக்காது. பஞ்சாங்கம் பார்க்க எனக்கும் ஓரளவு தெரியும். சிம்மக்கல்லில் இத்தனை வருஷமாகப் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவனுக்குத் திதி, பிறை எல்லாம் தன்னால் வந்துவிடும். இறந்தவர் போட்டோவைக் கொண்டுவருகிற வீட்டாரில் பாதிப் பேருக்குத் திதி தெரியாது. நாளைச் சொல்வார்கள், நான் பார்த்துச் சொல்வேன். படத்தின் அடியில் தோற்றம், மறைவு என்று வெள்ளை எழுத்தில் எழுதுவதும் என் கைதான். பத்ரிநாத் எழுதினால் அச்சு மாதிரி இருக்கும் என்று பரவையிலிருந்துகூட வருவார்கள்.

என் சந்தேகம் என் மனைவி லலிதாம்பாள் திதியைப் பற்றியது. அவள் போன மாசி மாதம் வளர்பிறை தசமியில் இறந்தாள். காரியங்களை நீங்கள்தான் நடத்தி வைத்தீர்கள். பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நானே கொள்ளி வைத்தேன். பிள்ளை விஜய்ஆனந்த் பிரான்ஸில் இருக்கிறான். அங்கிருந்தபடியே வருஷம் தவறாமல் அவன் அம்மாவுக்குத் திதி கொடுக்கிறான், ஐப்பசித் தேய்பிறை சப்தமியில். அடுத்த வாரம் போன் செய்து, இந்த வருஷம் அது என்றைக்கு வருகிறது என்று கேட்பான். ஐப்பசியைச் சொல்வதா, மாசியைச் சொல்வதா என்பதுதான் கேள்வி.

நீங்கள் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கிறீர்கள். வேண்டாம், சாமி. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடற்கரைப் படம் மாட்டியிருக்கும். காரியத்துக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். கறுப்பு மையில் அச்சான படம். பிரான்ஸில் நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்தது. ஆனந்த் பாண்டிச்சேரியில் வேலை பார்த்தபோது, ஒரு பழைய பங்களாவைக் காலி செய்த இடத்தில் அதை வாங்கி, சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பஸ்ஸில் மடியிலேயே சுமந்துகொண்டு வந்தான். அம்மாவுக்கு என்று கொண்டுவந்தான். படத்தில் பெரிய பெரிய பாறைகள், அதில் மோதி எழும்பும் அலை, மேலே மெல்லிய கோடுகளாலேயே போட்ட வானம். ஒரு பாறையின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்பான், கட்டைவிரல் நகம் அளவுக்கு.

லலிதா அதுவரை பார்த்த கடல் ராமேஸ்வரத்துக் கடல் ஒன்றுதான். அது கண்மாய் மாதிரி அசையாமல் நிற்கும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கீழக்குயில்குடி மலையத் தூக்கிட்டுப் போயி கடல்ல வச்சாப்ல இருக்கே. இம்புட்டு அலை அடிச்சா அந்த ஆளு நிப்பானா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்ட கடைசி நாட்களில் அது ஒன்று.

நான்தான் சட்டம் போட்டேன். கடையில் தேக்குச் சட்டம் ஒன்று தயாராக இருந்தது. படம் அதைவிடக் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் வெற்றுக் காகிதம், அடியில் பொடி எழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி. வெற்றுக் காகிதத்துக்காக யாராவது சட்டத்தை மாற்றுவார்களா? ஓரத்தை வெட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். உள்ளே அடங்காததை வெட்டினால்தான் படம் படமாக நிற்கும்.

ஆனந்த் வந்து பார்த்துவிட்டு அடி ஓரத்தை விரலால் தடவினான். பிறகு, "அப்பா, ஊரு பேரு அந்த ஓரத்துலதான் இருந்துச்சு. தெரேஸ் படிச்சுக் காட்டினா. அவங்க அப்பா இருக்கிற ஊருக்குப் பக்கமாம்" என்றான்.

தெரேஸ் என்ற பெயர் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். பாண்டிச்சேரிப் பெண், கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பிரான்ஸில் பென்ஷன் வாங்குகிறவர். ஓரத்தை வெட்டப் போய் உள்ளே இருந்த விஷயம் வெளியே வந்தது. நான் சத்தம் போடவில்லை. எங்கள் ஜனங்கள் குஜராத்திலிருந்து இத்தனை தூரம் நடந்து வந்தும் பாஷையை விடவில்லை, பூணூலை விடவில்லை, நீ பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி விடப் போகிறாயா என்று மட்டும் கேட்டேன். தொண்ணூற்று மூன்றில் அவன் அவளோடு விமானம் ஏறினான். வாசலில் லலிதா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "கடல்ல இறங்காதடா" என்று சொன்னாள்.

அதற்கடுத்த ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடைக்குப் போன் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் போன் கிடையாது, கடையில்தான். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டோம், அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றான். என்னிடம் சொன்னால் போதாதா என்று தோன்றியது. அவன் குரலில் சந்தோஷம் இருந்தது, சாமி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா செத்துப்போயிட்டா. நீ அவளக் கட்டப்போற சேதி நேத்து நம்ம ஆளுக ஒருத்தர் மூலமா வந்துச்சு. ராத்திரியே நெஞ்ச புடிச்சுக்கிட்டு உக்காந்தவதான்" என்றேன்.

நான் அதைச் சொன்னபோது லலிதா எதிர்ச்சாரியில் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டைக் கடக்க நின்றுகொண்டிருந்தாள். ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்து அவளை மறைத்தது. பஸ் போனதும் மறுபடியும் தெரிந்தாள். முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டீர்கள். மெல்லுங்கள், சாமி. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு வாரம் அழட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு எண்ணம் கிடையாது. அடுத்த முறை பேசும்போது சொல்லிவிடலாம், அவனும் அரண்டுபோய் அம்மா காலில் விழ ஓடிவருவான் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவன் அன்றைக்கே, "நான் வாரேன்பா. எப்படியாச்சும் டிக்கெட் போட்டு வாரேன்" என்றான். வந்தால் என் பொய் வாசலிலேயே நிற்குமே. "வராத. உன் காலு வாசப்படியில படக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா" என்றேன். அது அவள் வாயில் வரக்கூடிய வார்த்தையே இல்லை. ஆனால் அவன் நம்பிவிட்டான். குற்றம் செய்ததாக நினைக்கிற பிள்ளை எதையும் நம்பும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு மட்டும் தாராளமாக இருந்தால் முடியும். கல்யாணச் சேதி தெரிந்ததும், அவனோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொந்தபந்தங்களிடம் கட்டுப்பாடு செய்தேன். எல்லோரும் அதை நியாயமான கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தெரிந்த நம்பர் என் கடை நம்பர். கடையில் போனை எடுப்பவன் நான்.

வாரக் கடைசியில் அவன் பேசியபோது உண்மையைச் சொல்லத்தான் இருந்தேன். அவன் முந்திக்கொண்டு, தலையை மழித்துக்கொண்டதாகவும், காரியத்தைத் தெரிந்த மட்டில் செய்ததாகவும் சொன்னான். உயிரோடு இருக்கிறவளுக்குப் பிள்ளை எள்ளும் தண்ணீரும் இறைத்த பிறகு, அதெல்லாம் சும்மா என்று எப்படிச் சொல்வது? உங்களிடம் வந்து பரிகாரம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். அழுதுகொண்டே அவன் கேட்டது ஒன்றுதான். "அம்மா படம் ஒண்ணு உங்க கையால சட்டம் போட்டு அனுப்புங்கப்பா."

படம் என்று கேட்டால் என் கை மறுக்காது. அவளுடைய நல்ல போட்டோ ஒன்றை எடுத்துப் பெரிதாக்கினேன். நெற்றியில் குங்குமத்தைச் சிவப்பு மையால் திருத்தமாக வைத்தேன். சுமங்கலியாகப் போனவள் என்று சொல்லியிருந்தேனே. அடியில் தோற்றம் எழுதினேன், மறைவு எழுதினேன், ஐப்பசித் தேய்பிறை சப்தமி என்றும் எழுதினேன். முதல் பிரதியில் மறைவு என்ற சொல்லின் மேல் கைபட்டு மை இழுவிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஆனதில்லை. இரண்டாவது பிரதி எழுதி அதைத்தான் அனுப்பினேன்.

கெட்டுப்போன பிரதியை என்ன செய்வது? கட்டின மனைவி, சுமங்கலி, வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் படத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. கடற்கரைப் படத்தின் பின் அட்டையைப் பூச்சி அரித்துவிட்டதென்று அதை அந்த வாரம் கடைக்குக் கொண்டுவந்திருந்தேன். புது அட்டை வைத்தேன். அட்டைக்கும் கடலுக்கும் நடுவில் லலிதாவின் படத்தை வைத்து, பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி, வீட்டில் பழைய ஆணியிலேயே மாட்டினேன். அது பத்திரமான இடம் என்று பட்டது.

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் போன் செய்வான். "அப்பா, இந்த வருசம் அம்மா திதி என்னைக்கு வருது?" நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. திதி கழிந்த மறுநாள் பேசி நடந்ததைச் சொல்வான். படத்தில் இருக்கும் அதே கரைக்குத்தான் போகிறானாம். அந்தப் பாறையில் உட்கார்ந்து, தெற்கே பார்த்து, எள்ளும் தண்ணீரும் விடுவானாம். காற்று ஆளைத் தள்ளுமாம். தெரேஸ் பின்னால் நின்று குடை பிடிப்பாளாம். "அம்மாவுக்குப் புடிச்ச இடம்ப்பா. நேர்ல பாக்காமயே போயிட்டா" என்று ஒரு முறை சொன்னான். சரிதான் என்றேன்.

அதே நேரம் வீட்டில் லலிதா அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்து பூக் கட்டுவாள், அரிசி பொறுக்குவாள். பாறைமேல் நிற்கிறவன்தான் ஆனந்த் என்று வைத்துக்கொண்டாள். "இன்னும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான் பாருங்க" என்பாள். தினமும் நான் கடையிலிருந்து திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போது ஒரே கேள்வி கேட்பாள். "போன் வந்துச்சா?" இல்லை என்பேன். அவன் எங்கே, வெள்ளைக்காரனாகவே ஆகியிருப்பான் என்பேன். அவள் எனக்குத் தட்டு வைப்பாள். மறுநாளும் அதே கேள்வி. கோபித்துக்கொண்டு கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள், மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்பாள்.

நான் அவளை வேறு எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி வந்தபோது தைலம் போட்டு நீவிவிட்டது நான்தான்.

ஒரு ஆயுத பூஜை அன்று கடையை அலங்காரம் செய்ய வந்திருந்தாள். கண்ணாடி அறுக்கும் வைரத்துக்கு நான் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். போன் மணி அடித்தது. என் கையெல்லாம் சந்தனம். அவள் எடுத்துவிட்டாள். "ஹலோ" என்று ஒரு சொல்தான் சொன்னாள். வெளிநாட்டு லைன் என்றால் முதலில் ஒரு இரைச்சல் வரும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கி, வாய்ப் பக்கத்தைப் பொத்திக்கொண்டு, "ராங் நம்பர். பூ இன்னும் வரல, நீ போயி பூக்காரிய பாரு" என்றேன்.

"நம்ம ஆனந்த் குரல் மாதிரி அப்பான்னு கேட்டுச்சுங்க."

"லைன் கலந்திருக்கும். போ, நேரமாகுது."

அவள் படி இறங்கினாள். மறுமுனையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, யாருப்பா அது? அம்மா குரல்ப்பா" என்றான். "சித்திடா. ஸ்ரீலட்சுமி சித்தி வந்திருக்கா. அக்கா தங்கச்சி குரல் ஒண்ணாத்தான இருக்கும்" என்றேன். அவன் வெகுநேரம் அழுதான். இன்னொரு தடவை சித்தியை ஹலோ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டான். கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள் என்றேன். திதி நாளைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகுதான் வெளியே படியில் லலிதா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவள் பூவோடு வந்தாள், பூஜை நன்றாக நடந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டை ஒட்டடை அடித்துப் படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தாள். போன் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த நாட்கள் உண்டு. வரவில்லை. மறந்துவிட்டாள், மனசு ஆறிவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் பாரம் குறைந்தது.

இன்னொன்றும் அந்த வருஷம்தான் தொடங்கியது. ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மட்டும் அவள் சாப்பிட மாட்டாள். எனக்குப் பரிமாறிவிட்டுப் போய்க் கடற்கரைப் படத்துக்கு எதிரே உட்காருவாள். சாப்பிடவில்லையா என்று கேட்டால், "பசிக்கலங்க. வயிறு நெறஞ்சாப்ல இருக்கு" என்பாள். ஏதோ விரதம் என்று விட்டுவிட்டேன். கும்பிடுகிறாள் என்றும் நினைத்தேன். கும்பிடுகிற கை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து மடியில் வைத்திருந்தாள், குழாயடியில் தண்ணீர் குடிக்கிறவள் மாதிரி. அது எந்த நாள் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் திதி பார்த்துச் சொல்கிறவன் நான்.

போன மாசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம் தெளிவாக இருந்தாள். என்னை அருகில் கூப்பிட்டாள். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பாள், என்ன சொல்வது என்று பயந்துகொண்டே குனிந்தேன்.

"தேதிய மாத்தாதீங்க. பழசே இருக்கட்டும். புள்ள கொழம்பிப் போவான்" என்றாள்.

எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. காய்ச்சலில் என்னவோ பேசுகிறாள் என்று நர்ஸிடம் சொன்னேன். லலிதா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாறைமேல் நிற்கிறவன் மாதிரி முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அவளுக்கு நிஜமாகவே ஒரு படம் மாட்ட வேண்டுமே என்று நினைத்தேன். ஏற்கெனவே ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. கடற்கரைப் படத்தை இறக்கித் திருப்பினேன். பழுப்புக் காகிதத்தில் விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. என் பசை மைதாவும் மயில்துத்தமும் கலந்தது, பூச்சி வராமல் இருக்க. ஒட்டின இடம் நீலம் பூத்திருக்கும். இது வெறும் சோற்றுப் பசை. பருக்கை ஒன்று நசுங்கி அப்படியே காய்ந்திருந்தது. யாரோ பொறுமையாகப் பிரித்து, பொறுமையாகத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரோ என்று சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

உள்ளே அவள் படம் இருந்தது. நான் வைத்தபோது முகம் அட்டையைப் பார்த்து இருந்தது. இப்போது கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். இழுவிப்போயிருந்த மறைவு என்ற எழுத்தின் மேல் ஈரத் துணியால் துடைத்த தடம் இருந்தது. அழிக்கவில்லை. படிக்கிற மாதிரி சுத்தம் செய்திருந்தாள்.

ஆக, அவளுக்குத் தெரியும், சாமி. எத்தனையோ வருஷம் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டாள். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளை அங்கே பாறையில் உட்கார்ந்து விட்ட தண்ணீரை இங்கே மடியில் கையைக் குழித்து வாங்கிக்கொண்டாள். அதனால்தான் வயிறு நிறைந்தது. இதை நினைத்தால் எனக்கு இந்த இடத்தில், நெஞ்சுக்குக் கீழே, கண்ணாடியை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது. ராத்திரி அவள் படுத்த பக்கம் கையை வைத்துப் பார்க்கிறேன். உலகத்தில் எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். என் மேல் அத்தனை பிரியம் இல்லாவிட்டால் அப்படி வாய் மூடி இருந்திருப்பாளா?

நீங்கள் பஞ்சாங்கத்தை மூட வேண்டாம். எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சாஸ்திரப்படி மாசி சரி. அதைச் சொன்னால் ஏன் மாறியது என்று அவன் கேட்பான், அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அவன் அவளுக்குக் கொடுத்த தண்ணீரையெல்லாம் அவள் உயிரோடு இருந்து வாங்கினாள் என்று தெரிந்தால் அவன் தாங்க மாட்டான். அந்தப் பாறையிலிருந்து திரும்பி வருவானோ மாட்டானோ. எனக்காக அல்ல, அவனுக்காகத்தான் யோசிக்கிறேன்.

எனவே ஐப்பசியே இருக்கட்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாக்கை மீற எனக்கு மனம் வரவில்லை. கட்டின நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.